பின்னால் வராத மாமா

கபடி ஆடும்போது என் வலக்கை எப்போதும் மாமாவின் இடக்கைக்குள் இருக்கும். மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். நான் இடது கார்னர், எனக்கு அடுத்து அவர். எதிரணிக்காரன் பாடிக்கொண்டு வருவான். அவன் கால் வைக்கிற தோரணையைப் பார்த்து மாமா என் கையை ஒருமுறை அழுத்துவார். அழுத்தியதும் நான் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும், அவர் பின்னாலேயே வந்து இடுப்பைக் கட்ட வேண்டும். “திரும்பிப் பாத்தா பிடி நழுவிடும் மாப்ள. பின்னால நான் வர்றேன்ல” என்பார். நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

மாரண்டஹள்ளிப் பக்கத்து ஆட்டமே அப்படித்தான். காத்திருந்து பிடிப்பதைக் கோழைத்தனம் என்போம். முழங்கால் தோல் உரியாமல் வீட்டுக்கு வந்தவனை ஆளாகவே மதிக்க மாட்டோம். அந்த முரட்டு ஆட்டத்தை வைத்தே தர்மபுரி, இண்டூர் என்று போன இடமெல்லாம் ஜெயித்தோம்.

எழுபதுகளின் தொடக்கத்தில், அகில இந்தியப் போட்டிக்கான மாநில அணிக்கு சேலத்தில் ஆள் எடுத்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒருவரைத்தான் எடுப்பார்கள் என்று பேச்சு. மாநில அணிச் சட்டை போட்டவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்த காலம் அது. எனக்கோ கையகல மானாவாரி நிலத்தைத் தவிர வேறு நாதியில்லை. “ரெண்டு பேர்ல யாருக்குக் கெடைச்சாலும் சந்தோஷந்தான். நம்ம ஆட்டத்தையே ஆடுவோம் மாப்ள” என்று பஸ்ஸில் மாமா சொன்னார். நம்பினேன்.

சேலத்து மைதானத்தில் மாமா என் கையை அழுத்தினார். பாய்ந்தேன். கணுக்கால் கைக்குள் வந்துவிட்டது. பின்னால் யாரும் வரவில்லை. பாடி வந்தவன் என்னை மண்ணோடு மண்ணாக நடுக்கோடு வரை இழுத்துப் போனான். ஒருமுறை அல்ல, மூன்று முறை. மாமா நின்ற இடத்திலேயே நின்றார். எதிராளி களைத்துத் திரும்பும்போது மட்டும், எங்களூரில் யாரும் ஆடாத விதமாக, நிதானமாகப் போய்ப் பிடித்தார். அவரை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அவசரக்காரன் என்று பெயர். திரும்பும்போது தொப்பூரில் பரோட்டா வாங்கிக் கொடுத்து, “விடு மாப்ள, அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றார். வெட்கங்கெட்டவன், சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து எங்கள் பயிற்சியாளர் என்னைப் பிடித்துத் திட்டினார். “இந்த வருசம் பாயறவன் வேணாம், பொறுத்துப் பிடிக்கிறவன்தான் வேணும்னு உங்க மாமாகிட்ட முன்கூட்டியே சொல்லி அனுப்புனேனே! உனக்கு எங்கடா போச்சு புத்தி?”

அடப்பாவி! கையை அழுத்தியது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. கூட இருந்தே குழி பறித்திருக்கிறார். அன்றே வீட்டு வாசலில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்டால் அக்கா என்ன ஆவாள்? பிறந்த வீடா புகுந்த வீடா என்று அவள் தவிப்பாளே என்று வாயை மூடிக்கொண்டேன். மாமாவுக்கு வேலை கிடைத்தது, மாடி வீடு கட்டினார். நான் முப்பது வருடம் காய்கறி மூட்டை தூக்கினேன். பொங்கலுக்குப் பொங்கல் அவர் வீட்டுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

போன வருடம் மாமா இறந்தார். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் போன பிறகு அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அழுதாள்.

“சாகற வரைக்கும் உன் மூஞ்சியப் பாக்கக் கூசுனாருடா. சேலத்துக்குப் போறதுக்கு முன்னாடியே உன்கிட்ட சொல்லிடறேன்னுதான் சொன்னாரு. நான்தான் வாயத் தொறக்காதீங்கன்னேன். மூணு பொட்டப் புள்ளைங்க எனக்கு. நீ ஒண்டிக்கட்ட, எப்படியும் பொழச்சுக்குவேன்னு நெனச்சேன்.”

இவள் குடும்பம் கலையக் கூடாதென்றுதானே இத்தனை வருடம் எல்லாவற்றையும் விழுங்கினேன்! எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். “எங்கடா போற?” என்று வாசல்வரை வந்து கேட்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். இன்றுவரை அந்த வாசலை மிதிக்கவில்லை.