டாக்டரின் கைக்குட்டையும் என் சாயமும்

ரத்தத்துக்குச் சாயம் போடுகிறவனுக்கு ஒரு தலைவிதி உண்டு: சாயம் பிடித்தால் டாக்டர் கெட்டிக்காரர், பிடிக்காவிட்டால் அவன் சோம்பேறி. மேலே இருப்பவரின் தப்புக்குக் கீழே நின்று திட்டு வாங்கிய அன்பர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. மற்றவர்கள் இதைப் படிக்காவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

ஊதா விரல்

நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம். காஜா பெராங் என்ற ஊர்ப்பகுதியில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் நான் லேப் உதவியாள். காய்ச்சல்காரர் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைப்பது டாக்டர். அது காய்ந்ததும் சாயம் ஊற்றி, அலசி, மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் தேடுவது நான். கண்ணாடிகளைக் கழுவுவதும் நான்தான். எந்தச் சோப்புக்கும் என் விரல்களின் ஊதா நிறம் போகாது. மளிகைக் கடை காசிம் பாய் ஒருநாள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிளினிக்குல வேலைன்னு சொன்னியே தம்பி, பார்த்தா சாயப்பட்டறை மாதிரியில்ல இருக்கு?"

மட்டம் என்கிற வியாதி

புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பால்வெட்டும் முனியம்மாவை, ஆள் கணக்கு எழுதும் கிராணி அழைத்து வந்தார். அவள் நடுங்கிய நடுக்கத்தில் உட்கார்ந்திருந்த பெஞ்சே ஆடியது. டாக்டர் ரத்தம் எடுத்துக் கொடுத்தார். நான் சாயம் ஊற்றினேன். காய்ந்த ரத்தம் தோல் உரிவதுபோல் கழன்று, மிதந்து, தொட்டியில் போய்விட்டது. ஓரத்தில் ஒட்டியிருந்த துணுக்கில் அரைமணி நேரம் தேடியும் ஒன்றுமில்லை.

"கண்ணாடியில ரத்தம் நிக்கலைங்க ஐயா, இன்னொரு தடவை எடுக்கலாம்" என்றேன். டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிருமியைப் பார்க்காமல் மாத்திரை கொடுப்பதில்லை என்பது அவர் கொள்கை. 'கிருமி இல்லை' என்று எழுதிவிட்டார். கிராணிக்கு அது போதுமே. "டாக்டரே இல்லேன்னுட்டாரு. நாளைக்குக் காலையில பேர் கூப்பிடறப்ப பெரட்டுல நிக்கணும். இன்னொரு தடவை மட்டம் போட்டே, பேரை அடிச்சிருவேன்."

கை சரியில்லையாம்

அடுத்த வாரமும் முனியம்மா வந்தாள். அதற்குள் நான் புதுச் சாயம் கலக்கியிருந்தேன், தண்ணீரை மறுபடி காய்ச்சி வடித்திருந்தேன், கண்ணாடிகளை ஸ்பிரிட்டில் கழுவிக் கழுவி என் விரல் வெடித்திருந்தது. அப்படியும் ரத்தம் கழன்று ஓடியது. மறுபடியும் 'கிருமி இல்லை'. நிற்கக்கூட முடியாமல் அவள் திரும்பிப் போனாள். டாக்டரோ காத்திருந்த நோயாளிகள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சாயம் போடத்தான் உன்னை வச்சிருக்கேன். அது ஒண்ணுகூட உன் கைக்கு வரலையே?"

கடைசித் துடைப்பு

டாக்டர் ஒரு விருந்துக்குப் போன நாளில் மிஸ்ஸி, அதாவது எங்கள் நர்ஸ், நாலு பேருக்கு ரத்தம் எடுத்தாள். அதே கண்ணாடி, அதே சாயம். நாலும் அசையவில்லை. மறுநாள் திரைக்குப் பக்கத்தில் நின்று டாக்டரைக் கவனித்தேன். தலைக்குக் கிரீம் வழித்துப் பூசுகிற மனிதர். வேர்வை வந்தால் நெற்றியையும் தலைமுடியையும் கைக்குட்டையால் ஒற்றிக்கொள்வார். அதே கைக்குட்டையால், நான் கழுவி வைத்த கண்ணாடியைக் கடைசியாக ஒரு துடைப்புத் துடைத்த பிறகுதான் ரத்தம் வைப்பார். சுத்தத்தில் அவ்வளவு அக்கறை.

கண்ணுக்கே தெரியாத எண்ணெய்ப் பூச்சு அது. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஒட்டுமா? சாயத்தில் குற்றமில்லை, ரத்தத்தில் குற்றமில்லை, என் கையிலும் இல்லை. மிஸ்ஸியிடம் போய்ப் படபடவென்று கொட்டினேன். அவள் பஞ்சு உருட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு எப்பவோ தெரியும்லா. அவருகிட்ட யாரு சொல்றது?"

இரண்டு கண்ணாடி

மூன்றாம் தடவை முனியம்மாவை லாரியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். கண் சொருகியிருந்தது. டாக்டரின் கை கால்சட்டைப் பைக்குள் போனது. வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். "ஒண்ணைத் துடைங்க ஐயா. இன்னொண்ணைத் துடைக்காம எனக்குக் குடுங்க." முறைத்தார். ஆனாலும் கொடுத்தார்.

துடைத்த கண்ணாடியில் வெறும் கறைதான் மிஞ்சியது. துடைக்காததில், பார்த்த இடமெல்லாம் கிருமி. டாக்டர் வெகுநேரம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை. பிறகு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னைக்குத்தான் நீ ஒழுங்கா சாயம் போட்டிருக்கே."

ஒரே விரல்

மாத்திரை வேலை செய்தது. இரண்டு வாரத்தில் முனியம்மா தன் காலால் நடந்து வந்தாள். டாக்டர் கிராணிக்கு ஒரு கடிதம் எழுதி அவள் கையில் கொடுத்தார். அதில், அந்த மூன்றாம் தடவை வந்த நாளிலிருந்துதான் அவளுக்கு மலேரியா. முதல் இரண்டு தடவை வேலைக்கு வராத நாளெல்லாம் கணக்கில் மட்டமாகவே நின்றது. அதை என்னைப் படித்துக் காட்டச் சொன்னாள். வெட்கத்தோடு படித்தேன். அவள் குத்துப்பட்ட விரலைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "மூணு தடவையும் டாக்டரு இந்த விரல்லதானே ஐயா குத்துனாரு? ரத்தம் மட்டும் வேறயா?"

முப்பது வருஷம் சாயம் போட்டதில் நான் கண்டது இவ்வளவுதான்: ரத்தம் ஒருநாளும் பொய் சொல்வதில்லை, அது சொல்ல வருவதற்குள் பெரிய மனிதர் யாராவது கண்ணாடியைத் துடைத்துவிடுகிறார்.