காலியாக வந்த ஜன்னலோர சீட்

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். சனி, ஞாயிறுகளில் பட்டிமன்றப் பேச்சாளர். அவர் மேடை ஏறிவிட்டால் எங்கள் வீட்டுக்குக் கதவே கிடையாது. நான் வைத்த ரசம், நான் ஏமாந்து வாங்கிய புடவை, என் குறட்டை, எல்லாம் மைக்கில் வந்துவிடும். கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, சொல்லவே கூசுகிறது, நானே அவருக்கு ஜோக் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

பட்டிமன்றத்தில் யார் எந்தப் பக்கம் என்பது பேசுகிறவர் கையில் இல்லை. விழாக் குழுவிலிருந்து போன் வரும். "சார், நீங்க மாமியார் அணி" என்பார்கள். அவ்வளவுதான், மாமியாரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆட வேண்டியது. அடுத்த வாரம் வேறு ஊரில் மருமகள் அணி கிடைத்தால், அதே மாமியாரைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வைகாசியில் சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாளுக்குத் திருவிழா நடந்தபோது, பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தில் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். கொஞ்ச நாள் முன்புதான் எல்லைப் பக்கம் சண்டை. வானத்தில் நெருப்புக் கோடுகள் பறப்பதையும், நம்மவர்கள் அவற்றை நடுவானிலேயே அடித்து நொறுக்குவதையும் டிவியில் பார்த்துப் பார்த்து, டீக்கடையில் பஜ்ஜி போடுகிறவர் வரைக்கும் ஏவுகணை நிபுணர் ஆகியிருந்தார். அதனால் தலைப்பும் அப்படியே அமைந்தது: "நாட்டின் பட்ஜெட்டில் முதல் பங்கு எதற்கு? வானத்துக் கவசத்துக்கா, வயிற்றுச் சோற்றுக்கா?"

அவருக்கு முதலில் கொடுத்தது சோற்றுப் பக்கம். மனுஷனுக்கு வெல்லக்கட்டி கிடைத்த மாதிரி சந்தோஷம். அவர் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் முந்தைய தலைமுறை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். சத்துணவும் அரசாங்க விடுதியும் இல்லாவிட்டால் அவர் தமிழாசிரியரும் இல்லை, நான் தொடக்கப் பள்ளி டீச்சரும் இல்லை, செவிலிமேட்டில் இந்த மாடி வீடும் இல்லை. இந்தப் பக்கம் பேச அவர் குறிப்பே எடுக்க வேண்டாம்.

அன்றைக்கு மத்தியானம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"சார், கவச அணியில பேச வேண்டியவரு வண்டி மக்கர் பண்ணி வழியில நிக்குதாம். சோத்து அணிக்கு இங்க லோக்கல் வக்கீலம்மா ஒருத்தங்க இருக்காங்க. நீங்க அந்தாண்ட மாறிக்கிறீங்களா?"

"அதுக்கென்ன, மாறிட்டாப் போச்சு."

போனை வைத்த பிறகுதான் முகம் தொங்கியது. "ஏம்மா, இப்போ இலவசத்தைக் கிண்டல் பண்ணணுமே. நான் எங்க போய்ப் பிடிக்கறது?"

நான் பட்டுப் புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். வாயில் ஊக்கு. ஊக்கை எடுத்துவிட்டுச் சொன்னேன்: "அக்கா டிப்போ வரைக்கும் தூங்கின கதையை எடுத்து விடுங்களேன். பேர் சொல்ல வேணாம்."

"பாவம்மா அவங்க."

"அவங்க எங்க அங்க வரப் போறாங்க? ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும் பாருங்க."

என் அக்காவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். என் கூடப் பிறந்தவள், எனக்கு மூத்தவள். அவள் வீட்டுக்காரர் இறந்து சில வருஷமாகிறது. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் வீடு. ஊருக்கு மறுகோடியில் ஒரு தனியார் கல்லூரி விடுதியில் சமையல் வேலை. காலையில் தோசைக்கல் முன்னால் நிற்க ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் நிற்பதுதான். முட்டி இரண்டும் வீங்கிக் கிடக்கும். பெண்களிடம் காசு வாங்காத டவுன் பஸ் வந்த பிறகு அவளுக்கு ஒரு பெரிய சுகம் வாய்த்தது. "பாப்பா, அந்த பஸ்ஸுல ஏறி ஜன்னலாண்ட ஒக்காந்தாத்தான் எனக்கு ஒக்கார்றதே. காத்து அடிக்குதா, அப்டியே கண்ணு சொருவிடுது" என்பாள். ஒருநாள் அப்படிச் சொருகி, இறங்க வேண்டிய இடம் தாண்டி, டிப்போ வரைக்கும் போய்விட்டாள். கண்டக்டர் எழுப்பி, "ஆயா, எழுந்திரு, டிப்போ வந்துடுச்சு" என்றாராம். "தூங்கினது கூட பரவால்லம்மா, என்னப் போயி ஆயான்றாம்பா அந்த ஆளு!" என்று என் சமையலறையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அது அவள் எங்களுக்குக் கொடுத்த சிரிப்பு.

மண்டபத்தில் எனக்கு முன்வரிசை. விழாக் குழு வீட்டுப் பெண்களோடு நானும் பட்டும் பூவுமாக உட்கார்ந்திருந்தேன். நடுவர் முன்னுரை சொல்லிக்கொண்டிருந்தபோது யாரோ தோளைத் தொட்டார்கள். அக்கா! வேலைப் புடவை, கையில் மஞ்சப்பை, மேலெல்லாம் எண்ணெய் வாசனை.

"பசங்க லீவுல ஊருக்குப் போயிடுச்சிங்க, சீக்கிரம் உட்டுட்டாங்க. மாப்ள போட்டோ போஸ்டர்ல பாத்தேனா, அப்டியே பஸ்ஸு ஏறி வந்துட்டேன்."

நகர்ந்து இடம் கொடுத்தேன். அதை மட்டுமாவது ஒழுங்காகச் செய்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது. ஐயையோ, அந்தக் கதை!

தடுத்திருக்கலாம். பட்டிமன்ற மேடைக்குத் துண்டுச் சீட்டு போய்க்கொண்டேதான் இருக்கும். 'சுருக்கமாக முடிக்கவும்', 'கொடையாளர் பெயர் சொல்லவும்' என்று யாராவது எழுதிக் கொடுத்தபடி இருப்பார்கள். என் கைப்பையில் பேனா இருந்தது. 'அக்கா வந்திருக்கிறாள், வேண்டாம்' என்று எழுதி நீட்டியிருந்தால் முடிந்தது. பக்கத்துப் பட்டுப் புடவை எட்டிப் படிக்குமே என்று யோசித்தேன். அவருக்குப் பேச்சு தடைபடுமே என்று யோசித்தேன். பேர்தான் சொல்லமாட்டாரே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

வக்கீலம்மா முதலில் பேசினார். சின்ன வயசு, தொண்டை கணீரென்றிருந்தது. "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன், வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம்! ரேஷன் கடையில பருப்பு வந்துதான்னு கேட்டா நாளைக்கு வாங்கன்றாங்க. ஏவுகணை மட்டும் இன்னிக்கே வேணுமாம், நடுவர் அவர்களே!" பெருமாள் கோயில் தெருக்காரர்களுக்கு வைகுண்டம் என்றதும் குஷி. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அக்காவும் தட்டினாள்.

அடுத்து இவர். "சுவர் இருந்தாத்தான் சித்திரம்! மேல வானம் ஓட்டையா இருந்தா, கீழ சட்டி நிறைய சோறு இருந்து என்ன பிரயோஜனம்?" என்று எடுத்த எடுப்பிலேயே பிடித்துவிட்டார். குரலை இறக்கினார். "எல்லையில நம்ம வீட்டுப் புள்ள ஒருத்தன் வானத்தையே பார்த்துக்கிட்டு ராத்திரி பூரா நிக்கிறான். அவன் கண் அசந்தா ஒரு ஊரு போச்சு." மண்டபம் அமைதியானது. எனக்கே மயிர் கூச்செறிந்தது. பிறகு குரலைத் தூக்கினார். "இங்க என்ன நடக்குது? ஒரு அம்மா ஓசி பஸ்ஸுல ஏறுது. காசு குடுத்து டிக்கெட் வாங்கினவன் கம்பியைப் பிடிச்சுத் தொங்குறான். ஓசி டிக்கெட்டு ஜன்னலோரம் உக்காந்து..." மைக்கில் ஒரு குறட்டை விட்டார். என் குறட்டைக்கென்று பழகி வைத்திருந்த அதே குறட்டை. டிப்போ வந்தது, கண்டக்டர் வந்தார், ஆயா வந்தாள். "என்னப் போயி ஆயான்றியே!" என்று அக்கா சொன்ன அதே இழுப்போடு சொல்லி முடித்தார்.

மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. நானும் சிரித்தேன். அக்கா பக்கத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தே, ஊரோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பேச்சாளர் ஜோக் சொன்னால் வீடியோக்காரர் உடனே பெண்டாட்டி பக்கம் கேமராவைத் திருப்புவது வழக்கம். மேடை ஓரத்தில் வைத்திருந்த பெரிய திரையில் என் முகம் வந்தது. பல் அத்தனையும் தெரிந்தது. பக்கத்தில் அக்கா முகம், திரையையே பார்த்தபடி. சிரிக்கவில்லை, அழவும் இல்லை. கொஞ்சம் கழித்து, எல்லாரும் தட்டுகிறார்களே என்று அவளும் மெதுவாகக் கை தட்டினாள்.

"பஸ்ஸு போயிடும் பாப்பா, நான் வர்றேன்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரு, சேர்ந்து போகலாம் என்று நான் சொல்லவில்லை. போகிறாளே என்று நிம்மதியாகத்தான் இருந்தது. நடுவர் வழக்கம்போல, கவசமும் வேண்டும், சோறும் வேண்டும், இரண்டும் நாட்டுக்கு இரண்டு கண் என்று தீர்ப்புச் சொன்னார். அதைக் கேட்க அவள் இல்லை.

அதற்கப்புறம் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வேலை அதிகம் என்றாள் போனில். நானும் தோண்டிக் கேட்கவில்லை. ஆனி பிறந்து ஒரு காலை, பெரிய கடைத்தெருவுக்குப் போக செவிலிமேட்டில் டவுன் பஸ் ஏறினேன். கூட்டமே இல்லை. ஜன்னலோரம் ஒரு சீட் காலியாகவே இருந்தது. அதற்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் பாரம் போட்டு மறு காலை ஊன்றாமல், அக்கா நின்றுகொண்டிருந்தாள். முட்டியில் கட்டு.

"அக்கா! இடம் இருக்குதே, ஒக்காரு."

"வேணாம் பாப்பா. பரவால்ல."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "அந்தம்மா தெனமும் இப்டித்தாம்மா. ஒக்காருன்னா ஒக்கார்றதே இல்ல. கால வேற நொண்டிக்கினு வருது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குற்றம் செய்தவளுக்குத்தான் கோபம் முந்திக்கொண்டு வரும் போலிருக்கிறது. "என்ன வீம்பு இது? யார் மேல இருக்கற கோவத்துக்கு முட்டியைக் கெடுத்துக்கினு நிக்கற?" என்று கத்தியே விட்டேன்.

"வீம்பு இல்லம்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாப்ள சொன்னாரே. அந்தப் புள்ள ராத்திரி பூரா நிக்குதாம். நான் காசு குடுக்காம வர்றவ. நாட்டுக்குன்னு அவ்ளோ செலவு இருக்குதுன்றாரு. நான் நின்னுக்கினாவது வரக்கூடாதா?"

அவள் அதை நம்பியிருக்கிறாள். மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தும், அந்தப் பேச்சை நிஜமென்று வீட்டுக்கு எடுத்துப்போனவள் அவள் ஒருத்திதான். அவசர அவசரமாக விளக்கினேன். "ஐயோ அக்கா, அது பட்டிமன்றம். அவருக்கு அந்தப் பக்கம் பேசுன்னு குடுத்தாங்க, பேசினாரு. மத்தியானம் வரைக்கும் அவரு சோத்துப் பக்கம்தான் இருந்தாரு. அவரு மனசுல அப்டியெல்லாம் ஒண்ணும் இல்ல. அது சும்மா பேசினது."

இதைச் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்கா கம்பியில் கையை மாற்றிப் பிடித்தாள். "சும்மாவா?" என்றாள். "நெஜமாத்தான் சொல்றார்னு நெனச்சி நான் தாங்கிக்கினேன் பாப்பா. நாட்டு விசயம், படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. சும்மாவுக்கா என்னை வெச்சி அத்தினி பேரு சிரிச்சாங்க?" காலி சீட்டைப் பார்த்தாள். "நீயும் சிரிச்சியே. பெரிய டிவில பாத்தேன்."

"கதையை எடுத்துக் கொடுத்ததே நான்தான்" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. "சரி விடு, இனிமேலாவது ஒக்காரு, என் கண்ணு இல்ல" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"இனிமே எப்டிம்மா? ஒக்காந்தா அந்தச் சிரிப்பு சத்தம் கேக்குது."

அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒருவர் அந்த சீட்டில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே போனோம்.

அன்று சாயங்காலம் இவரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல முகம் வெளுத்தது. சட்டையைக் கழற்றியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. அது நடிப்பில்லை, இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்குத் தெரியாதா? "பாவி நான், போய்க் கால்ல விழறேன்" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, யோசித்து யோசித்து, மெதுவாகச் சொன்னார்: "வர்ற வாரம் வாலாஜாபாத்துல இதே தலைப்பும்மா. எனக்கு சோத்துப் பக்கம். அக்கா நிக்கிற கதையை மட்டும் சொன்னேன்னு வை, மண்டபமே அழுதுடும்."

"வாயைத் திறந்தீங்கன்னா நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்று சீறினேன். அவர் அடங்கிப்போனார். ஆனால் சீறுவதற்கு முன்னால் ஒரு நொடி, ஆமாம், அழுதுவிடும் என்று எனக்கும் தோன்றியது. எந்த இடத்தில் நிறுத்தினால் கைதட்டல் வரும் என்றுகூடத் தோன்றியது. அதை நினைத்தால் இப்போதும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அக்கா இன்றைக்கும் நின்றுகொண்டுதான் போகிறாள்.