ஊதாணியின் பதினாலாவது நகரம்

எழிலரசி குமராட்சிப் பக்கத்துப் பெண். சிதம்பரத்தில் கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தாள். இரண்டாம் வருடம் பாதியில் கல்யாணமாகிக் கடலூர் முதுநகருக்கு வந்துவிட்டாள். முப்பத்தாறு வயதில் அவள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் இறால் கம்பெனியில் வேலை பார்த்தாள். நாலு நீள மேசைகள், நாற்பத்தாறு பெண்கள். இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, ஐஸ் தண்ணீரில் போடவேண்டும். தலைக்கு உறை, வாய்க்குத் துணி, இடுப்பில் கயிறு கட்டிய ஏப்ரன், காலுக்கு ரப்பர் பூட்ஸ். உள்ளே போக இரண்டு கதவு. ஒன்று மூடினால்தான் இன்னொன்று திறக்கும். ஜன்னலே கிடையாது.

ஷரீபா அங்கே வேலைக்கு வந்த முதல் நாள் அழுதுவிட்டாள். நாற்பத்திரண்டு வயசுப் பெண்மணி, பரங்கிப்பேட்டைக்காரி. விரல் பத்தும் மரத்துப்போய், இறாலின் மூக்கு முள் குத்தினதுகூடத் தெரியாமல் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"இதுக்கே அழுதா எப்படிக்கா? ஊதாணியில இத விட ஜாஸ்தி குளிரு" என்றாள் எதிரே நின்ற எழிலரசி.

"அது எந்தூரு? ஊட்டி பக்கமா?"

"ஊரு இல்லக்கா. வேற ஒரு கோளு. வானமே ஊதா கலர்ல இருக்கும்."

அந்த நிமிஷம் வரைக்கும் அப்படி ஒரு கோள் எழிலரசியின் தலையிலும் இல்லை. பேச்சுக்குச் சொன்னாள். ஷரீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு "அப்புறம்?" என்று கேட்டுவிட்டாள். அதனால் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

ஊதாணியில் வெளிக்காற்று கெட்டுப்போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. ஜனங்கள் இருபத்தொரு நகரங்களில், கண்ணாடி மூடி போட்ட மாதிரி அடைந்து கிடக்கிறார்கள். காற்றைச் சுத்தம் பண்ணும் இயந்திரங்கள் கிழடு தட்டிப்போய், வருஷத்துக்கு ஒரு நகரமாக விளக்கு அணைந்துகொண்டு வருகிறது. குழாய்களுக்குள் ஊர்ந்துபோய்ச் சுத்தம் செய்கிற தாமரி என்ற ஒருத்திக்கு மட்டும், எந்த நகரம் அடுத்து அணையும் என்பது குழாயின் சத்தத்தை வைத்தே தெரியும். அவள் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

மதியத்துக்குள் முதல் மேசை முழுக்கக் கேட்டது. ஒரு வாரத்தில் நாலு மேசையும் கேட்டது. கை அது பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டிருக்கும், காது எழிலரசி பக்கம் இருக்கும். கதை சொல்லாத நாளில் வேலை ஓடாது. சும்மா கேட்டுக்கொண்டும் யாரும் இருக்கவில்லை. தாமரிக்குப் புருஷன் உண்டா, குழந்தைக்குப் பால் எங்கேயிருந்து வரும், செத்தவர்களை எங்கே புதைப்பார்கள் என்று ஒவ்வொருத்தியும் ஒன்று கேட்பாள். பதில் தெரியாவிட்டால் எழிலரசி மறுநாள் யோசித்துக்கொண்டு வருவாள்.

பதினாலாவது நகரத்தில்தான் சிக்கல் வந்தது. முந்நூறு பேர் இருக்கிற அந்த நகரத்தில் குளிர் இயந்திரம் வெடித்து விஷக்காற்று பரவுகிறது என்று சொன்னாள் எழிலரசி.

"எல்லாரும் செத்துட்டாங்களா?" என்றாள் ஷரீபா.

"ஆமாக்கா."

"அதெப்படி? கதவு இல்லையா? கதவு எந்தப் பக்கம் தொறக்கும்? முந்நூறு பேர ஒரே வரியில கொன்னுட்ட?"

மேசையே ஷரீபாவோடு சேர்ந்துகொண்டது. அன்று சாப்பாட்டு வேளையில் எழிலரசி தூக்குவாளியோடு கம்ப்ரசர் ரூம் வாசலுக்குப் போனாள். அங்கே குளிர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற பக்கிரி பீடி குடிக்க வெளியே வந்திருந்தார்.

"அண்ணே, நம்ம மிஷின்ல இருக்கிற கேஸ் வெளிய வந்தா மனுசங்க என்னா பண்ணணும்?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பதினெட்டு வருசமா இங்க இருக்கறேன். இத ஒருத்தரும் எங்கிட்ட கேட்டதில்ல. எதுக்கும்மா?"

"கதைக்குண்ணே."

அவர் சிரிக்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னார். அது அம்மோனியா. கண்ணும் தொண்டையும் எரியும். தண்ணீரில் சட்டென்று கரையும், அதனால் துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்ளவேண்டும். கசிகிற பக்கம் போகவே கூடாது. வெளியே வந்ததும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்து, அதற்குக் குறுக்காக நடக்கவேண்டும். காற்று போகிற திசையிலேயே ஓடினால் அதுவும் கூடவே வரும்.

மறுநாள் பதினாலாவது நகரத்து ஜனங்களுக்கு உயிர் வந்தது. அவர்களை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதில் பத்து நாள் சண்டை நடந்தது. "கதவுகிட்ட இருக்கறவ ஓடிடுவா, கடைசி மேசைக்காரி கதி?" என்றாள் ஒருத்தி. முன்னால் போகிறவளின் ஏப்ரன் கயிற்றைப் பின்னால் வருகிறவள் பிடித்துக்கொள்ளவேண்டும், ஓடக்கூடாது, வாசலைத் தாண்டும்போது கம்பெனியில் அவரவருக்குக் கொடுத்த டோக்கன் நம்பரைச் சத்தமாகச் சொல்லவேண்டும் என்று கடைசியில் முடிவானது. ஊதாணியில் டோக்கன் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஷரீபாதான் திரும்பிப் பார்த்து, "நம்ம பின்வாசல் தொறக்குமா?" என்றாள்.

பின்வாசலை மறைத்து, இறால் கொட்டுகிற காலி பிளாஸ்டிக் டப்புகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. சூப்பர்வைசர் ராஜ்கமலிடம் கேட்டார்கள். "கதை பேசிப் பேசி உங்களுக்கு மூளை குழம்பிப் போச்சு. இனிமே வேலை நேரத்துல வாயத் தொறந்தா வீட்டுக்குப் போகலாம்" என்றார். மறுநாள் சுவரில் ஸ்பீக்கர் மாட்டிச் சினிமாப் பாட்டு போட்டுவிட்டார்.

கதை நின்றது. எழிலரசி வீட்டில் உட்கார்ந்து நோட்டில் எழுத ஆரம்பித்தாள். கம்பெனி பஸ்ஸில் வரும்போது ஷரீபா அதை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினாள். இன்னொன்றும் நடந்தது. காலையில் வந்ததும் ஆளுக்கு இரண்டு டப்பைத் தூக்கி வேறு மூலையில் வைத்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் பின்வாசல் தெரிந்தது. தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. யாரோ தேங்காயெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார்கள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. முன்வாசல் பக்கத்துக் குழாயில் ஒரு வால்வு உடைந்தது. முதலில் சத்தம், அப்புறம் வெள்ளைப் புகை. மூக்கில் ஊசி குத்தினாற்போல ஒரு நெடி. இரண்டு பேர் முன்வாசலை நோக்கி ஓடினார்கள்.

"அங்க போவாதீங்க!" எழிலரசி மேசை மேல் ஏறிக் கத்தினாள். "பதினாலாவது ஊரு! பதினாலாவது ஊரு!"

வேறு எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஓடினவர்கள் நின்றார்கள். நாற்பத்தாறு பேரும் வாய்த்துணியை ஐஸ் தண்ணீரில் முக்கி மூக்கோடு கட்டினார்கள். கை ஏப்ரன் கயிற்றைத் தேடிப் பிடித்தது. ஷரீபா முதலில் போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு திறந்தது. கண்ணைத் திறக்கமுடியாமல் எரிந்தது, இருமல் பிடுங்கியது. ஆனாலும் வரிசை அறுபடவில்லை. "ஏழு!" "முப்பத்திரண்டு!" "பத்தொம்போது!" என்று நம்பர்கள் ஒவ்வொன்றாக வெளியே விழுந்தன. எழிலரசி கடைசியாக வந்தாள்.

அவள் வாசலைத் தாண்டிய பிறகு, புகைக்குள்ளிருந்து இன்னொரு குரல் கேட்டது.

"நாப்பத்தேழு! நாப்பத்தேழு!"

ராஜ்கமல். முன்வாசலுக்குப் போக முயன்று வழி தெரியாமல் தடுமாறி, பெண்கள் நம்பர் சொல்கிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்து வந்திருந்தார். எழிலரசி அவர் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

படகுகளில் கட்டியிருந்த கொடிகளைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று கண்டுகொண்டார்கள். அதற்குக் குறுக்காக, உப்பனாற்றங்கரையோரமாக, கயிற்றை விடாமல் நடந்தார்கள். பக்கிரி முகமூடி போட்டுக்கொண்டு போய் மெயின் வால்வை அடைத்தார். அன்று சாயங்காலம் இருமல் நிற்காத மூன்று பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை மூவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

கரையில் பெண்களை எண்ணிப் பார்த்த தீயணைப்பு அதிகாரிக்கு நம்பமுடியவில்லை. "ஒருத்தர்கூட மிதிபடல. இவ்ளோ ஒழுங்கா வந்திருக்கீங்க. யாரு உங்களுக்கு டிரில் குடுத்தது?"

"தாமரின்னு ஒரு பொண்ணு சார்" என்றாள் ஷரீபா, இருமிக்கொண்டே. "ஊதாணியில இருக்கா."

எழிலரசிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். நாற்பத்தாறு பேரும் சேற்றுக் கரையில் பூட்ஸோடு உட்கார்ந்து சிரித்தார்கள். பார்த்தவர்களுக்கு இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று புரியவில்லை.

கம்பெனி இரண்டு மாதம் கழித்துத் திறந்தது. ஸ்பீக்கரைக் கழற்றச் சொன்னவர் ராஜ்கமல்தான். "நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். கதை எங்க நின்னுதோ அங்கேர்ந்து சொல்லும்மா" என்றார். தீயணைப்பு நிலையத்திலிருந்து எழிலரசியைக் கூப்பிட்டு மற்ற இறால் கம்பெனிகளிலும் பேசச் சொன்னார்கள். விதிமுறைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, போன இடமெல்லாம் பதினாலாவது நகரத்தின் கதையையே சொன்னாள். சொல்லி முடித்ததும் அங்கிருந்த பெண்கள் எழுந்துபோய்த் தங்கள் பின்வாசலைத் தள்ளிப் பார்த்தார்கள்.

ஊதாணி போன வருஷம் புத்தகமாக வந்தது. எழிலரசி படிப்பைப் பாதியில் விட்டுப்போன சிதம்பரத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீடு. கம்பெனி பஸ்ஸிலேயே எல்லோரும் போனார்கள். இயற்பியல் பேராசிரியர் ஒருவர் பேசினார். அந்தக் கோளின் காற்று எப்படிக் கெட்டது என்பதில் மூன்று இடத்தில் தனக்குச் சம்மதமில்லை என்றார். எழிலரசி மைக்கை வாங்கி இரண்டுக்கு அங்கேயே பதில் சொன்னாள். மூன்றாவதை ஒத்துக்கொண்டாள். மண்டபம் கைதட்டியது.

கூட்டம் முடிந்ததும் கையெழுத்து கேட்டுப் புத்தகத்தை நீட்டினார்கள். எழிலரசி தன் பெயரை எழுதிவிட்டு, புத்தகத்தைப் பக்கத்தில் நின்ற ஷரீபாவிடம் தள்ளினாள்.

"நான் எதுக்கு?"

"முந்நூறு பேர நீங்கதானக்கா காப்பாத்துனீங்க. போடுங்க."

ஷரீபா போட்டாள். போட்டுவிட்டு அடுத்தவளிடம் தள்ளினாள். அன்றைக்கு விற்ற ஒவ்வொரு புத்தகமும் நாற்பத்தாறு கை மாறித்தான் வாங்கினவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.