தறி ஓடும்போது செய்த பெடல்

கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கித் தரும் ஓவர்டிரைவ் பெடலை நான் அதுவரை கையில் தொட்டதுகூட இல்லை. நூலகத்தில் ஒரு பத்திரிகையில் பார்த்த சர்க்யூட் படத்தை நோட்டில் வரைந்துகொண்டு வந்து, ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்துவிட்டேன். தொண்ணூறுகளின் நடுவில், பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சும்மா இருந்த காலம். சும்மா இருப்பவனுக்குத் தன் கைத்திறமை மேல் வருகிற நம்பிக்கை வேறு யாருக்கும் வராது.

காந்திபுரத்துக் கடைகளில் ஐசி, டயோடு, கண்டன்சர் எல்லாம் பொட்டலமாகக் கிடைத்தன. அலுமினிய டிபன் பாக்ஸில் துளை போட்டு உள்ளே அடக்கினேன். காலால் மிதித்தால் தாங்குகிற சுவிட்ச் மட்டும் எங்கேயும் இல்லை. டேபிள் லேம்ப் சுவிட்சைப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் பதமாக அழுத்தப் பழகினேன்.

எங்கள் வீடு சோமனூர் பக்கம், தோட்டத்துக்கு நடுவில் தனியாக இருந்தது. வீட்டை ஒட்டிய குடோனில் நான்கு விசைத்தறிகள். அப்பா போன பிறகு அம்மாதான் ஓட்டினார். ராத்திரிக்கும் ஆள் வைத்திருந்ததால் ஞாயிறு காலை ஒரு வேளை தவிர தறி நிற்காது. குடோனுக்குள் யாரும் காதை நம்பிப் பேசுவதில்லை. வாயசைவைப் பார்த்தே எல்லாம் புரிந்துவிடும். எனக்கு அது பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே வந்துவிட்டது.

குடோன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பெடலைச் சோதித்தேன். தறிச் சத்தத்தில் கிட்டார் எடுபடவே இல்லை. கரகரப்பைக் கூட்டினேன். சத்தத்தின் கூர்மையை மழுக்குகிற கண்டன்சரை மாற்றி மாற்றிச் சிறியதாக்கினேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒருவழியாகத் தறியையும் தாண்டி என் கிட்டார் கேட்டது. உள்ளே நின்றிருந்த அம்மா என்னைப் பார்த்து, "நல்லாருக்குது கண்ணு" என்று வாயசைத்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எனக்கு அந்த டப்பா, அம்மாவுக்கு நான்.

மறுநாள் காலை சூலூரில் ஒரு மெல்லிசைக் குழுவின் ஒத்திகைக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். என்னைச் சேர்த்துக்கொள்வதா என்று அன்றுதான் பார்ப்பதாக இருந்தார்கள். அமைதியான அறை. நான் சுவிட்சை அழுத்தி ஒரு கம்பியை மீட்டியதும் தபேலாக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, தகரத்துல ஆணிய வச்சுக் கீறுற மாதிரி இருக்குதுங்களே" என்றார் குழுத் தலைவர். "வியாழக்கெழம கடைசி ஒத்திகைங்க. அதுக்குள்ள செரி பண்ணீட்டு வாங்க. இல்லாட்டி அடுத்த ஞாயித்துக்கெழம கல்யாணத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறோமுங்க."

எங்கள் பக்கத்தில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதும் ஒரு 'ங்க' போட்டுத்தான்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. தறியோடு மல்லுக்கட்டுவதற்காக ஒரு பெடலைச் செய்திருக்கிறேன், மனிதர்கள் கேட்பதற்காக அல்ல. அதைச் சரிசெய்ய அமைதி வேண்டும். வியாழனுக்கு முன்னால் அந்த வீட்டில் அமைதிக்கு எங்கே போவது?

விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். புதன்கிழமை மத்தியானம் நான்கு தறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. வேலை நாளில் அம்மா தறியை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

"அரை மணி நேரம். அதுக்குள்ள பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு என் பின்னால் நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

ஒரு கண்டன்சரை எடுத்துப் பெரியதாகப் போட்டேன், வாசித்தேன். இன்னொன்று. கரகரப்பைக் குறைத்தேன். நான்காவது தடவை கம்பியில் ஒரு கனம் வந்தது. தொண்டை கட்டியவர் ஆசையோடு பாடுவதைப் போல இருந்தது.

"இப்ப எப்படிங்கம்மா இருக்குது?" என்றேன், குனிந்தபடியே.

பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். மூன்றாவது தடவை கத்தியே கேட்டேன். திரும்பிப் பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் அம்மா என் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் வாய் அசைந்ததும், "என்ன கண்ணு கேட்ட?" என்றார்.

"எத்தன நாளாங்கம்மா?"

"ரண்டு மூணு வருசமாச்சு. தறிக்குள்ள காது என்னத்துக்குன்னு உட்டுப்போட்டேன்."

"அப்பறம் எப்படி அன்னிக்கு நல்லாருக்குதுன்னு சொன்னீங்க?"

"உம் மூஞ்சி நல்லாருந்துச்சு. அதப் பாத்துத்தான் சொன்னேன்."

வெட்கத்தில் அழுதேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, எதிரே நின்று பேசினால் எல்லாம் புரிகிறதே என்று இருந்துவிட்டேன். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "நேரமாகுது, வாசி" என்றார்.

வியாழக்கிழமை சூலூரில் யாரும் காதைப் பொத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் வரிசையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசிக்கும்போது கடுகடுவென்று வைத்துக்கொள்வது என் பழக்கம். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே வாசித்தேன்.

"சோகப் பாட்டுக்கெல்லாம் எதுக்குங்க தம்பி இளிச்சுட்டே இருந்தீங்க?" என்று தலைவர் பிற்பாடு கடிந்துகொண்டார். அம்மாவுக்கு ஒரு பாட்டும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.