உதாரணத்துக்கு ஒரு அம்மா

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் கூட்டுகிற அக்கா. வகுப்பறை, வராந்தா, கழிப்பறை எல்லாம் அவள் பொறுப்பு. பினாயில் வாடை வீடு வரைக்கும் கூடவே வரும். புருஷன் கைகழுவிவிட்டுப் போன நாளிலிருந்து அவளுக்கும் மகளுக்கும் அந்த வேலைதான் சோறு போட்டது.

சம்பளமில்லாத வேலை ஒன்றும் அவளுக்கு இருந்தது. கணக்கு டீச்சருக்குக் கோபம் தலைக்கேறினால் ஜன்னல் பக்கம் கையை நீட்டுவார்.

"படிக்கலைன்னா அந்த அக்கா மாதிரி கக்கூஸ்தான் கழுவணும்."

பிள்ளைகள் மொத்தமாகத் திரும்பிப் பார்க்கும். அவள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாள். வேறென்ன செய்வாள், சண்டைக்கா போவாள்?

மகள் பத்தாம் வகுப்புக்கு அந்த டீச்சரிடமே வந்து சேர்ந்தாள். டீச்சருக்குச் சங்கடமாகிப் போய், அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். நல்ல மனுஷிதான், பாவம். இவள் சும்மா இருந்தாளா? புத்தகத்தைத் திறந்ததும் மகள் கொட்டாவி விடுகிறாளே என்ற கவலையில் நேரே ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"டீச்சர், என்னைக் காட்டிச் சொல்லுவீங்களே, அதை என் பொண்ணு இருக்கும்போதும் சொல்லுங்க."

"என்னக்கா பேசுறீங்க? பிள்ளை மனசு நோகாதா?"

"நோகட்டும் டீச்சர். அப்பதான் ரோஷம் வரும். படிப்பா."

பிடித்த பிடியை அவள் விடவில்லை. கடைசியில் டீச்சரும் சொன்னார். அந்த நேரம் பார்த்து இவளும் வாளியோடு ஜன்னலோரம் போய் நின்றாள், மகளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. பைத்தியக்காரி, வருஷம் முழுக்க அப்படித்தான் நின்றாள். மகள் புத்தகமே கதி என்று கிடந்தாள். வீட்டில் அம்மாவிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள், முகம் பார்ப்பதுகூட இல்லை. ரோஷம் வந்துவிட்டது என்று பெற்றவளுக்கு உச்சி குளிர்ந்தது.

பரீட்சை முடிவு வந்தது. மற்ற பாடமெல்லாம் தேறியிருந்தாள். கணக்கில் பூஜ்யம். விடைத்தாளில் ஒரு வரிகூட எழுதாமல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அம்மா கையை ஓங்கிவிட்டாள். "ஏன்டி, நான் அங்க போய் நின்னது யாருக்காகன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா." மகள் நகரவில்லை. "இவளை மாதிரி ஆயிடக்கூடாது, ஆயிடக்கூடாதுன்னு சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு கணக்கும் போட்டேன். எல்லாக் கணக்கும் தெரியும். பரீட்சையில உட்கார்ந்தப்போ, இதை எழுதினா நானும் உன்னைக் கை நீட்டிக் காட்டுற மாதிரி இருந்துச்சு. கை ஓடலை."

ஓங்கிய கை தானாகக் கீழே வந்தது. ஆனாலும் ஆசை விடுமா?

"போனது போகட்டும்டி. மறுபடி எழுதிடு. இனிமே நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

"வேண்டாம்மா. இன்னொரு தடவை உன்னை வெறுக்க என்னால முடியாது."