பூட்டக்காவின் முட்டிவலி

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கும் லைனின் சூப்பர்வைசருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். லைன் வைத்த பெயர்தான் நிலைத்தது: பூட்டக்கா.

காரணம் ஒரு நூல் கோன். நூல் தீர்ந்த காலிக் கோனில் சிவப்புத் துணியைக் கட்டித் தன் மேஜையோரத்து ஆணியில் மாட்டியிருந்தாள். கழிவறைக்குப் போகிறவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து மாட்டும்வரை இன்னொருத்தி எழுந்திருக்கக் கூடாது. மொத்த லைனுக்கும் ஒரே கோன்; கழிவறைக்கு அதுதான் பூட்டு. மெஷின் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் கூடாது, பேச்சு கூடாது, சிரிக்கவே கூடாது என்பதெல்லாம் கிளைச் சட்டங்கள்.

"அக்கா, ரொம்ப அவசரம்கா."

"காலைல உன்னை யாருடி தண்ணி குடிக்கச் சொன்னது?"

இப்படிக் கேட்க அவளுக்குத் தகுதி இருந்தது. மெஷினில் உட்கார்ந்திருந்த காலத்தில் காலையில் அடக்கினால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் விடுவாள். பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். மேனேஜர் அவளைச் சூப்பர்வைசராகத் தூக்கி விட்டதற்கு வேறு காரணம் எதுவும் யாருக்கும் தெரியாது.

ஐம்பதை நெருங்கியபோது உடம்பு பழி தீர்க்க ஆரம்பித்தது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் முட்டிக்கொண்டு வரும். வீட்டுப் பூட்டில் சாவியை நுழைத்தால் போதும், கதவு திறப்பதற்குள் சொட்டிவிடும். பூட்டக்காவைப் பூட்டே காட்டிக்கொடுத்தது.

"செருப்பைக்கூடக் கழட்டாம அப்படி எங்க ஓடுற? உள்ள யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கியா?" என்றார் கணவர். அந்த வீட்டில் இருக்கிற ஒரே நகைச்சுவை அவர்தான்.

கறுப்புத் துணியாகவே உடுத்தத் தொடங்கினாள். லைனுக்குத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவள் கவலை. கசிகிற பூட்டுக்கு எவள் பயப்படுவாள்? தெரிந்த மறுநாளே நூல் வெட்டும் மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள்.

முட்டிவலி என்று வீட்டில் சொல்லிவிட்டு, விடுமுறை நாளில் பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனாள். பக்கத்து நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர். புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கும் மூத்திரம் நிற்பதில்லை.

"உங்களுக்கு என்னம்மா?"

"முட்டி. உங்களுக்கு?"

"எனக்கும் முட்டிதான்."

அந்த அறையில் யாருக்குமே முட்டிக்கு மேலே எந்தக் கோளாறும் இல்லை.

பிசியோ பெண்ணுக்கு மகள் வயதுதான் இருக்கும். திரையை இழுத்து மூடிப் பரிசோதித்தாள். "மூத்திரப்பையைக் கீழேருந்து தாங்குற தசை இது, தொட்டில் துணி மாதிரி. ஆம்பளைக்கும் உண்டு, பொம்பளைக்கும் உண்டு. இறுக்குங்க பார்ப்போம்."

இறுக்கினாள்.

"பிரமாதம். இப்ப விடுங்க."

"விட்டாச்சு."

"விடலம்மா."

"விட்டுட்டேன்னு சொல்றேன்ல."

"விடவே தெரியல உங்களுக்கு. வருஷக்கணக்கா அடக்கி அடக்கி, தசை இறுகிப்போய்க் கிடக்கு. இறுகின தசை அவசரத்துக்கு உதவாது. உங்களுக்கு இறுக்குற பயிற்சி குறைவா போதும், விடுறதுதான் முக்கியம்."

பூட்டக்கா தலையாட்டினாள். ஆனால் டார்கெட் என்று ஒன்றைச் சொன்னால் அதைத் தாண்டிக் காட்டியே பழகிய பிறவி. விடுகிற பாதியை வேலையாகவே கணக்கில் எடுக்கவில்லை. பஸ்ஸில் இறுக்கினாள், அடுப்படியில் இறுக்கினாள், லைனில் திட்டிக்கொண்டே இறுக்கினாள். அடுத்த முறை வந்தபோது நிலைமை இன்னும் மோசம்.

"ஓவர்டைம் பார்த்தீங்களா?" என்றாள் பிசியோ பெண். திருந்தாது என்று தெரிந்து, ஓர் உபாயம் சொல்லிக் கொடுத்தாள். "முட்டிக்கிட்டு வந்தா ஓடாதீங்க. அசையாம நில்லுங்க. வேகமா நாலஞ்சு தடவை இறுக்கி விடுங்க. மூச்சை இழுத்து மெதுவா விடுங்க. அந்த அலை அடங்கிடும். அப்புறம் நிதானமா நடந்து பாத்ரூமுக்குப் போங்க. இது அடக்கி வைக்கிறதுக்கு இல்லம்மா, போய்ச் சேர்றதுக்கு."

கடைசி வாக்கியம் பூட்டக்காவின் காதில் விழவில்லை. அதற்குள் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் லைனைப் பார்வையிட வந்த அன்று, மேனேஜர் பக்கத்திலேயே நின்றபோது, அலை வந்தது. ஆணி காலி. கோன் யாரிடமோ. பூட்டக்கா கம்பம் மாதிரி நின்றாள். இறுக்கினாள், விட்டாள், மூச்சை இழுத்தாள். அலை அடங்கியது.

வந்தவர்கள் போனதும் மேனேஜர் சொன்னார்: "ஒரே ஒருத்திதான் எழுந்து போனா. அவளும் போகாம இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

மறுநாள் காலை ஆணியில் கோன் இல்லை. பூட்டக்கா லைன் முன்னால் நின்று பாடம் எடுத்தாள்.

"டாக்டருங்க சொன்ன வைத்தியம்டி இது. வந்தா எழுந்திருக்காதே. இறுக்கு, விடு. மூச்சை இழு, விடு. போயிடும். இனிமே சாப்பாட்டு நேரத்துல மட்டும்தான் பாத்ரூம்."

காலர் திருப்புகிறவளுக்கு மாசம் ஆறு. "அக்கா, உள்ளேருந்து உதைக்குதுக்கா."

"அதுக்கும் சொல்லிக் குடு."

லைன் சிரிக்கவில்லை. உற்பத்தி ஏறியது. பூட்டக்காவுக்குச் சுழல்நாற்காலி கிடைத்தது.

சில மாதம் கழித்து ஒரு விடுமுறை நாளில் கிளினிக் கதவைத் திறந்தவளுக்கு உட்கார இடமில்லை. பெஞ்சு நிறைய அவளுடைய லைன். டிரைவர் மட்டும் பழைய நாற்காலியில்.

கதவைப் பிடித்தபடியே கேட்டாள். "என்னடி... முட்டியா?"

"முட்டிதான்கா," என்றார்கள் கோரஸாக. "உங்களுக்கு?"

உள்ளே யாரோ குழாயைத் திறந்தார்கள்.

அலை வந்தது. கிளினிக்கில் ஒரே கழிவறை. ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"யாரு உள்ள?"

"நான்தான்கா, காலர்." போன மாசம்தான் குழந்தை பெற்றிருந்தாள். குரல் நிதானமாக வந்தது. "அவசரப்படாம உட்காரணும்னு பிசியோ சொல்லியிருக்காங்க."

"சீக்கிரம் வாடி!"

பெஞ்சிலிருந்து ஒருத்தி மெல்ல ஆரம்பித்தாள். "வந்தா ஓடாதீங்கக்கா." இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். "இறுக்கு, விடு." பிறகு மொத்த பெஞ்சும், பூட்டக்காவின் அதே ராகத்தில்: "மூச்சை இழு, விடு. மூச்சை இழு, விடு."

பூட்டக்கா இறுக்கினாள். மூச்சை இழுத்தாள். பிசியோ பெண் இத்தனை மாதமாகத் தலைகீழாக நின்றும் சொல்லிக்கொடுக்க முடியாத அந்த இரண்டாவது பாதி, அப்போதுதான் அவளுக்குக் கைவந்தது. முழுசாக விட்டாள்.

கறுப்புத் துணி கறையை மறைக்கும், தரை மறைக்காது. டிரைவர் செருப்பை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பெஞ்சில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாதென்பது அவள் போட்ட சட்டம்தானே.