எண்ணூர்க் காற்றுக்காக அக்கா வளர்த்த சவ்வு

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். நல்லதை மட்டும் எழுதினால் போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். அக்காவிடம் இருந்த நல்லதைச் சொல்ல வேண்டுமானால் அவருக்கு நடந்த கெட்டதையும் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா முகத்துவாரக்குப்பத்தில் எங்கள் பெற்றோரின் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். நைனா படகில் கடலுக்குப் போனவர். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் திருவொற்றியூர்த் தெருக்களில் கூவி விற்றவர். காற்று திரும்பும் நாட்களில் தொழிற்சாலை நெடி குப்பத்துக்குள் வந்துவிடும். அமோனியா என்ற பெயர் எங்களுக்குத் தெரியாது. ‘கேஸு’ என்போம். கண் எரிய எரிய, மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு இருவரும் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறோம்.

பொறியியலில் இடம் கிடைத்தபோது அக்கா வேதிப்பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். நைனாவுக்குப் பிடிக்கவில்லை.

“கெமிக்கல் எதுக்குமா? அதான் வூட்டாண்டயே வந்துகினு கீதே.”

“வர்றத நிறுத்தத்தான் நைனா” என்றார் அக்கா.

கல்லூரியில் அவருடைய பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். அக்கா அதை மாற்றிக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் பேராசிரியரான பிறகும் மாணவர்களிடம் அதே பேச்சுதான். முனைவர் பட்டம் முடித்ததும் வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. “கேஸு அங்கியா கீது? இங்க கீது” என்று மறுத்துவிட்டு, இந்த நகரத்திலேயே ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார்.

அவருடைய ஆராய்ச்சி ஜியோலைட் சவ்வுகளைப் பற்றியது. ஜியோலைட் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த ஒரு படிகம். விரல் பருமனுள்ள பீங்கான் குழாயின் மேல் அந்தப் படிகத்தை மெல்லிய தோல்போல வளர்ப்பார். படிகப் பொடியை விதைபோலத் தேய்த்து, கரைசலோடு எஃகுக் கலத்தில் இறுக மூடி, அடுப்பில் வைக்க வேண்டும். பிறகு சுடும்போது சூடு சற்று வேகமாக ஏறினாலும் தோல் வெடித்துவிடும். வெடித்த குழாய் குப்பைக்குத்தான். ஒழுங்காக அமைந்தால், கலந்து வரும் வாயுக்களிலிருந்து அமோனியா மட்டும் அந்தத் தோல் வழியாகப் பிரிந்து வரும், திரும்பப் பயன்படுத்தலாம். தப்பிப்போகும் மிச்சத்தை இன்னொரு ஜியோலைட் வினையூக்கியின் மேல் செலுத்தி, தீங்கில்லாத நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுவார்.

நைனாவுக்கு இதை விளக்கிய நாள் எனக்கு நினைவிருக்கிறது.

“மீன் வலைக்கண்ணு மாரியா?” என்று கேட்டார் நைனா.

“கண்ணு சைசு மட்டுமில்ல நைனா. அமோனியாவுக்கு அந்தக் கல்லு ரொம்பப் புடிக்கும். அது உள்ள பூந்து ஒட்டிக்கினு போவசொல்ல மத்ததுக்கு வழி கெடைக்காது.”

“பஸ்ல படியிலயே நிக்கிறவன் மாரி” என்றார் நைனா. அக்கா அடக்க முடியாமல் சிரித்தார்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு தொழிற்சாலை தன் கழிவுவாயுக் குழாய் ஒன்றில் அக்காவின் கருவியைப் பொருத்திப் பார்க்கச் சம்மதித்தது. அதன் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு அக்கா அந்த வாயிலில் நுழைவதைக் குப்பமே பார்த்தது. நெடி குறைந்திருப்பதாக அம்மா பெருமைப்பட்டார். அக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. “ஒரே ஒரு பைப்புலதாம்மா மாட்டிகீது. காத்து திரும்பியிருக்கும்” என்றார்.

கருவி நன்றாகவே வேலை செய்தது. சோதனைக் காலம் முடிந்ததும் அங்கிருந்த மேலாளர் அக்காவிடம், “எல்லாம் சரிங்க மேடம். ஆனா இதைப் போடணும்னு எங்களை யாரும் கட்டாயப்படுத்தலையே” என்றாராம். கருவியைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டுவிட்டார்கள். அக்கா போய்ப் பார்த்தபோது பீங்கான் குழாய்கள் நொறுங்கிக் கிடந்தன.

அடுத்த மழைக்காலத்தில் அங்கே பெரிய அமோனியாக் குழாய் ஒன்று உடைந்தது. விடிகாலையில் கரையில் நின்றிருந்தவர்கள் கண் தெரியாமல் மணலில் விழுந்தார்கள். நைனாவும் விழுந்தார். உயிர் பிழைத்தார், அதற்குப் பிறகு கடலுக்குப் போகும் அளவுக்கு அவருக்கு மூச்சு இல்லை.

விசாரணைக் குழு வந்தது. அக்காவைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். முந்தின வாரம் அவருடைய துறைத்தலைவர் கூப்பிட்டு, தினமும் வெளியேறும் வாயுவால் யாருக்கும் பாதிப்பில்லை என்று சொன்னால் எல்லாருக்கும் நல்லது என்றார். அதே வாரம் குப்பத்துப் பெரியவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

“உன் மிசினு இருந்திருந்தா இது நடந்தே இருக்காதுன்னு சொல்லிடும்மா. அப்பத்தான் விசாரணை நம்ம பக்கம் நிக்கும்.”

“அது தெனம் வர்ற கேஸுக்குச் செஞ்சதுப்பா. லைனே ஒடஞ்சா அது இன்னா பண்ணும்?”

“உனுக்குத் தெரிஞ்சது கம்பெனிக்காரனுக்குத் தெரியவா போவுது?”

“தெரியும். நான் ஒரு பொய் சொன்னா, அத்தப் புடிச்சிகினு நான் சொல்ற நெஜத்தையும் ஒடச்சிருவான்.”

கல்யாண மண்டபத்தில் நடந்த விசாரணையில் அக்கா இரண்டையும் சொன்னார். தன் சவ்வு அந்த விபத்தைத் தடுத்திருக்காது. ஆனால் அந்தக் காற்று விபத்துக்கு முன்பே, ஒவ்வொரு நாளும், எங்கள் பிள்ளைகளைக் கெடுத்துக்கொண்டிருந்தது. தடுக்க வழியிருந்தும் கழற்றிப் போட்டார்கள். முதல் பாதியைத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. இரண்டாம் பாதியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அக்காவின் ஆய்வுத் திட்டம் நிறுத்தப்பட்டது. அவருடைய ஆய்வகத்தை வேறொருவருக்குக் கொடுத்து, அடுப்புகளை நடைவழியில் தள்ளினார்கள். இது அவர்கள் செய்தது. நம்மவர்கள் செய்ததையும் சொல்கிறேன். “கேட்டுக்குள்ள போயி போயி வந்தவ, கம்பெனிக்குத்தான் பேசுவா” என்று எங்கள் வாசலில் நின்று கத்தினார்கள். அந்த ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது எங்கள் வீட்டுக்கு மட்டும் யாரும் வந்து சொல்லவில்லை. அன்று பேசியவர்கள் சிலரும் இந்த மலரை வாங்கியிருக்கிறீர்கள். பெயர் எழுதவில்லை. உங்களுக்கே தெரியும்.

மாத்தூரில் ஒரு சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். அங்கேதான் அக்காவுக்கு மூச்சிரைப்பு தொடங்கியது. நுரையீரல் இறுகிக்கொண்டே போனது. காரணம் இன்னதென்று தனியாகச் சுட்ட முடியாது என்றார் மருத்துவர். “பிரிச்சிக் காட்ட அவராண்ட சவ்வு இல்ல” என்றார் அக்கா. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி மாதங்களில் கட்டிலருகே ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டேயிருக்கும். ஒருநாள் என்னை அருகில் அழைத்தார்.

“இதுக்குள்ளயும் ஜியோலைட்டுதான் கீது, பாப்பா. நைட்ரஜனைப் புடிச்சி வெச்சிக்கினு ஆக்சிஜனை எனுக்கு வுடுது.” சற்று மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: “இத்த மட்டும் யாரும் வேணான்னு சொல்லல.”

பங்குனியில், ஒரு பகல் பொழுதில், அம்மாவின் கையைப் பிடித்தபடி அக்கா போய்விட்டார். நைனா பக்கத்து அறையிலிருந்து எழுந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்த சில நாட்களில் துறைத்தலைவர் வீட்டுக்கு வந்தார். அக்காவின் பெயரில் ஆண்டுதோறும் ஒரு விருது வழங்கப்போவதாகவும், அம்மா மேடைக்கு வந்து விளக்கேற்ற வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

“உசுரோட இருக்கசொல்ல எம் பொண்ணுக்கு ஒரு ரூம்பு இல்லன்னீங்க. இப்ப பேரு மட்டும் வோணுமா? அது எங்களாண்டயே இருக்கட்டும் சார்.”

விருது இல்லை. யாராவது அக்கா பெயரில் அறிவித்தால், அதில் எங்கள் குடும்பத்துக்குச் சம்மதம் இல்லை என்று இதன் வழியாகத் தெரிவித்துக்கொள்கிறோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் குறைவு. நடைவழியில் கிடந்த அடுப்புகளைத் தன் வேலை நேரம் முடிந்தபின் துடைத்துவைத்த ஆய்வக உதவியாளர் அண்ணனுக்கு நன்றி. ஊரே ஒதுங்கியபோதும் தினமும் மீன் குழம்போடு வாசலேறி வந்த சின்னம்மாவுக்கு நன்றி. இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த மாத்தூர்த் தெருப் பிள்ளைகளுக்கு நன்றி. அவர்கள் எங்களை அறிந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

அக்காவின் கடைசி மாணவி இப்போது வெளிநாட்டில் ஒரு துறைமுக நகரத்தில் இருக்கிறார். அக்காவிடம் கற்ற முறையிலேயே சவ்வு வளர்த்து, அங்குள்ள தொழிற்சாலையில் பொருத்தியிருக்கிறார். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். அவ்வூர்ச் சட்டப்படி அதைக் கழற்ற முடியாதாம். நெடி அறவே நின்றுவிட்டதாம். சொல்லும்போதே அழுதுவிட்டார். அவருக்கும் எங்கள் நன்றி. அந்த ஊர்ப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். அக்கா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். என்னால் முடியவில்லை.